உன் கையில் வைக்காத உப்பு

இன்று காலை மருமகள் அடுப்படியில் நின்றபடி கையை நீட்டினாள். "அத்தை, அந்த உப்ப எடுத்துக் குடுங்க." நான் டப்பாவை அவள் கையில் கொடுக்காமல் மேடைமேல் வைத்தேன். "இன்னுமா இதெல்லாம் பாக்குறீங்க?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் நினைப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. அழுகை எப்போதோ தீர்ந்தது, கோபம் தீரவில்லை. ஒரே ஒரு நாள் லீவு கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் நீ இருந்திருப்பாய். கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல். எனக்கு எழுத வராது, உனக்குத் தெரியும். நான் சொல்ல மகள் எழுதுகிறாள். நடுவில் வேறு எங்காவது போய்விட்டால் பொறுத்துக்கொள்.

உப்பைக் கைமாற்றினால் சண்டை வரும் என்பது எங்கள் வல்லத்திராக்கோட்டைப் பக்கத்துப் பேச்சு. கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். என் நாத்தனார் தன் மகள் கல்யாணப் பந்தியில் அவசரத்துக்கு உப்புக் கிண்ணத்தைச் சம்பந்தியம்மாள் கையில் கொடுத்துவிட்டாள். இரண்டு குடும்பமும் மூன்று வருஷம் பேசவில்லை. பாயசம் பத்தாமல் போனதுதான் காரணம் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் கேட்டால் உப்பு என்றுதான் சொல்வார்கள்.

அந்தப் பழக்கத்தோடுதான் நான் சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போனேன். ஒன்பதாவது மாடி. அதே கட்டடத்தின் நாலாவது மாடியில் உனக்கு வேலை. என் வயசுக்காரி, பத்தாவது படித்தவள், எனக்கு இரண்டு வருஷம் முன்னால் வந்த கடற்கரைக்காரி. லிஃப்டில் நான் தனியாக முணுமுணுத்ததைக் கேட்டு, "புதுக்கோட்டைப் பக்கமா? இங்கிட்டு வாடி" என்று கையைப் பிடித்து இழுத்தாய்.

போன ஐந்தாம் நாள் சாப்பாட்டு மேசையில் வீட்டுக்கார மேடம் கையை நீட்டி, "கிவ் மீ த சால்ட்" என்றார். சால்ட் எது என்று எனக்குத் தெரியும். கொண்டுபோய் அவர் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஓரடி பின்னால் வந்தேன். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. "கிவ் மீ" என்றார் மறுபடியும். நான் ஜாடியை இன்னும் இரண்டு விரல் அளவு தள்ளி வைத்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது. தன் கையைத் தொட இவளுக்கு அருவருப்பு என்று நினைத்துவிட்டார். என்னைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஏஜெண்டுக்குப் போன் போட்டார்.

நான் உனக்குப் போன் போட்டேன். பாத்திரம் விளக்கிய ஈரக் கையோடு மேலே வந்தாய். இங்கிலீஷில் என்னென்னவோ சொன்னாய். மேடம் என்னைப் பார்த்தார், ஜாடியைப் பார்த்தார், சிரித்துவிட்டார். அதற்கப்புறம் அந்த வீட்டில் உப்பை அவரே எடுத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டடத்துக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து திட்டினாய். "ஏன்டி, ஒரு சிட்டிக உப்புக்கு வேலையத் தொலைக்கப் பாத்தியே."

"ஒங்க ஊர்ல இதெல்லாம் கெடையாதா?"

"எங்களுக்குக் கடல் பூரா உப்பு. அத எந்தக் கையால வாங்கி எந்தக் கையால குடுக்குறது?"

அன்றைக்கே பாடம் தொடங்கினாய். "நம்ம பேச்சுல 'புள்ளைக்குப் பாலக் குடு'ன்னாலும் 'பாலப் புள்ளைக்குக் குடு'ன்னாலும் ஒன்னுதான். யாருக்கு, எதன்னு வார்த்தையிலயே வாலு ஒட்டியிருக்கும். இங்கிலீசுல வாலு இல்ல, எடம்தான். வாங்குற ஆளு முன்னாடி, பொருளு பின்னாடி. 'கிவ் த பேபி த மில்க்.' மாத்திச் சொன்னீன்னா புள்ளையத் தூக்கிப் பாலுக்குக் குடுத்துருவ."

வயிறு வலிக்கச் சிரித்தோம். பொருளைவிட ஆளை முன்னால் நிறுத்துகிற பேச்சு என்பதால் எனக்கு அது பிடித்துப் போனது. வாரம் ஒரு வார்த்தை தந்தாய். கிவ், ஷோ, பிரிங், செண்ட், டெல். 'டெல்'லும் அந்தக் கூட்டம்தானா என்று கேட்டேன். "ஆமா, சொல்றதும் குடுக்குறதுதான், கையில ஒன்னும் இல்லாட்டியும்" என்றாய். 'பிரிங் மேடம் த டீ', 'ஷோ த டிரைவர் த கேட்', 'செண்ட் மை மதர் த மணி'. வாங்குகிற இடத்தில் ஊரே வந்து நின்றது. நீ மட்டும் வரவில்லை.

"'கிவ் மீ'ன்னு ஒன்னுகூடச் சொல்லித் தரலையேடி."

"அது அவுக சொல்றது. நமக்கு எதுக்கு?"

அதற்கும் சேர்ந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அடுத்த வருஷம் இடது கையை விலாவோடு அழுத்திக்கொண்டு உட்கார ஆரம்பித்தாய். என்னடி என்றால் வாயு என்றாய். போன மாசமும் வாயு, இந்த மாசமும் வாயு. நானும் மடச்சி, ஓமத்தண்ணி காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தேன். மார்பில் கட்டி இருப்பது தெரிந்தே அதை மடக் மடக் என்று குடித்தாயே, எப்படி மனசு வந்தது உனக்கு? "இப்பத் தேவலடி" என்று வேறு சொன்னாய்.

மாவு பிசையும்போது மயங்கி விழுந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. கட்டி இருப்பது தெரிந்தே மறைத்ததை டாக்டரிடம் நீயே ஒப்புக்கொண்டாயாம்; அதற்குள் புற்று முற்றிவிட்டது என்றார்கள். ஊருக்கு அனுப்பினார்கள். இரண்டு மாசம்கூட நீ தாங்கவில்லை. செய்தி வந்த அன்று உன் மேடம் லிஃப்ட் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒய் ஷீ நெவர் டெல் மீ?" என்று அழுதார். "ஷீ நாட் டெல் மீ ஆல்சோ" என்றேன். வேறு என்ன சொல்ல? அந்த அம்மா கெட்டவர் இல்லை. கேட்டிருந்தால் கூட்டிக்கொண்டே போயிருப்பார்.

மறுநாள் நான் என் மேடம் முன்னால் போய் நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, "கிவ் மீ டூ வீக்ஸ் லீவ்" என்றேன். அவர் போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஓகே" என்றார்.

அவ்வளவுதான். ஒரு ஓகே. இதைக் கேட்கப் பயந்தா நீ செத்தாய்? அந்த நிமிஷம்தான் உன்மேல் கோபம் முழுசாக ஏறியது. உன் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா, "எங்கள்ட்டயும் வாயுன்னுதாம்மா சொன்னா" என்றார்கள். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பொய்யைப் பங்கு வைத்திருக்கிறாய். அதையாவது எல்லோருக்கும் கொடுத்தாயே.

இப்போது நான் கேட்கிறேன். ஊரோடு திரும்பி வந்த பிறகு பஸ்ஸில் இடம் கேட்கிறேன். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் சீட்டு எழுத ஆரம்பித்தால், "இருங்க, நான் இன்னும் சொல்லி முடிக்கல" என்கிறேன். மகள் வாயு என்று சொன்னால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போகிறேன். நீ கேட்காததையெல்லாம் நான் கேட்டுக்கொண்டு திரிகிறேன்.

நமக்குள் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. என்னை அத்தனை கிண்டல் செய்தாலும், ஞாயிற்றுக்கிழமை மாங்காய்க்கு உப்புப் பொட்டலத்தை நீ பெஞ்சில்தான் வைப்பாய். நான் எடுத்துக்கொள்வேன். அதுதான் தப்பாகப் போய்விட்டது. ஒரு தடவையாவது உன் கையைப் பிடித்து விரித்து, அதில் உப்பை வைத்து மூடியிருக்க வேண்டும். சண்டை வந்திருக்கும். சண்டையில் உன்னை உலுக்கி உண்மையைக் கக்க வைத்திருப்பேன்.

மருமகள் டப்பாவை எடுத்த இடத்தில் நாலு கல் உப்பு சிந்திக் கிடந்தது. பொறுக்கி எடுத்தேன். இதைச் சொல்லி முடிக்கும்வரை கையில்தான் வைத்திருக்கிறேன். கை வேர்த்து, உப்பு கசியத் தொடங்கிவிட்டது. கீழே வைக்க மனசு வரவில்லை.