அக்கா எடுத்த பெரணி

மார்ச் 3
கண்காட்சி அழைப்பிதழ் வந்தது. 'பெரணி – ஃப்ராக்டல் படம்'. கீழே என் பெயர் மட்டும். பதினோரு நாள் கண் பூத்துப்போகச் செய்த வேலை. சந்தோஷமாகத்தான் இருந்தேன், அக்கா போன் பண்ணும் வரைக்கும்.

"என் பேரு எங்கடி?"

"உன் பேரு எதுக்கு?"

"போட்டோ யாரு எடுத்தது? நம்ம தாத்தாவா வந்து எடுத்தாரு?"

மார்ச் 4
கொதிப்பு அடங்கவில்லை. ஒரு தடவை பட்டனை அமுக்கினாள், அவ்வளவுதானே? அவள் போட்டோவில் இருந்த ஒற்றை இலையின் நுனிக்குள் அதே நுனி, அதற்குள்ளும் அதே நுனி என்று கம்ப்யூட்டரில் சூத்திரத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டி, ஒவ்வொரு மடிப்பிலும் நிறத்தைச் சரிசெய்தது யார்? கழுத்து வலிக்கு மாத்திரை விழுங்கியது யார்? பங்கு கேட்க மட்டும் வந்துவிடுவாள்.

மார்ச் 6
நேரில் போய் ஒரு பிடி பிடித்தேன். "இலை செடியோடது, வெளிச்சம் சூரியனோடது. அதுல உன்னோடது என்ன இருக்கு?"

அடுப்பை அணைத்துவிட்டு நிதானமாகத் திரும்பினாள். "அப்ப உன் படம் கம்ப்யூட்டரோடது."

ஊரே சொல்கிற பேச்சுதான், கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனது. ஆனால் இவள் சொன்னதே இல்லை. யாராவது சொன்னால் எனக்கு முன்னால் இவள்தான் சண்டைக்குப் போவாள். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் அழுதேன். சீ.

மார்ச் 7
இனி அவள் போட்டோ எனக்கு வேண்டாம். ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது.

மார்ச் 9
ஞாயிறு. பூங்காவில் நானே நாற்பது படம் எடுத்தேன் – பெரணி, மரப்பட்டை, பாசி. எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தாயிற்று. எந்தச் சூத்திரம் போட்டாலும் சாம்பலும் பச்சையுமாக ஒரே குழப்படி. போட்டோவில் இலை தட்டையாக விழுந்திருந்தால் ஆயிரம் தடவை மடித்தாலும் தட்டைதான் போல. மௌஸைத் தூக்கி அடித்தேன்.

மார்ச் 12
அவளுடைய மெமரி கார்டு என்னிடமே கிடந்தது. "இந்தா, இத வெச்சுக்கோ" என்று அவள் காட்டிய ஒன்றைத் தவிர வேறு எதையும் நான் திறந்ததில்லை. இன்று முழுவதையும் திறந்தேன்.

அதே பெரணி. நூற்று நாற்பத்து மூன்று படங்கள். ஆறு நாள், எல்லாம் விடிந்தும் விடியாத நேரம். கடைசி நாளில் கேமராவைத் தரையோடு தரையாக வைத்து எடுத்திருக்கிறாள். இலைக்குப் பின்னால் வெளிச்சம், ஒவ்வொரு நரம்பும் தனித்தனியாக. மண்ணில் குப்புறப் படுக்காமல் அதை எடுத்திருக்க முடியாது. முட்டிவலிக்காரி!

ஒரு வார்த்தை சொன்னாளா? சொல்லித் தொலைத்தால் என்ன? – இப்போது கோபம் யார்மேல் என்றே தெரியவில்லை.

மார்ச் 14
கண்காட்சி அமைப்பாளரிடம் போய், அவள் பெயரையும் போடச் சொன்னேன்.

"ஒரு படத்துக்கு ஒரு பேருதான் மேடம். போட்டோ எடுத்தவங்க பேரப் போட்டா, அப்புறம் செடிக்குத் தண்ணி ஊத்தினவங்க பேரையும் போடணும்" என்று சிரித்தார்.

அவரை அறையலாம் போல இருந்தது. போன வாரம் நான் பேசியதும் இதே பேச்சுதான்.

மார்ச் 15
கண்காட்சிச் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றி, வேனில் ஏற்றி, அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"அடிப்பாவி, ஏன் கழட்டிட்டு வந்த?"

"உன் பேரு போட மாட்டாங்களாம்."

"அதுக்காக? மூளை இருக்கா உனக்கு? நாளைக்குத் திறப்பு விழா! பேரு கெடக்குது, போய் மாட்டுடி!"

"மாட்ட மாட்டேன்."

அரைமணி நேரம் கத்தினாள். நானும் விடவில்லை. கத்திக்கொண்டே உறையைக் கிழித்துப் படத்தைச் சுவரில் சாய்த்தாள். கிட்டப் போனாள், குனிந்தாள், மறுபடி பின்னால் வந்தாள்.

"இவ்ளோ பெருசா இது?" என்றாள்.

ஆறு வருஷமாக இவள் போட்டோக்களை வைத்துப் படம் செய்கிறேன். போனில் அனுப்பும் உள்ளங்கை அளவுப் படத்தைத் தவிர, எதையும் நான் அவளுக்குக் காட்டியதே இல்லை.