வலது காது, இடது காது

ஜூன் 10, செவ்வாய்

எட்டு மணிக்கே வெயில். பிஎச்டி கைடு சொல்லியாச்சு: எக்செல் வேண்டாம், எல்லாம் கம்ப்யூட்டரில் கோடு எழுதி ஓட்டும் நோட்புக்கில்தான். அறுபத்திரண்டு குழந்தைகளின் கேட்கும் அளவு, சனிக்கிழமைக்குள் படமாக. பன்னிரண்டு வருஷமாகக் காது டெஸ்ட் எடுக்கிறவள் நான். நாற்பத்தொரு வயசில் பைத்தான்.

இன்ஸ்டால் ஆகவே மதியம். சிவப்பு எழுத்தில் பக்கம் பக்கமாக எர்ரர். கடைசியில் திறந்தது, காலியாக ஒரு பெட்டி. 2+2 போட்டு ஓட்டினேன். 4. இதற்கா இவ்வளவு?

லஸ் கார்னரில் வாங்க வேண்டியது: அப்பா பி.பி. மாத்திரை, இஞ்சி, பேனா.

ஜூன் 11, புதன்

புழுக்கம். தி.நகர் கிளினிக்கில் கூட்டமில்லை. பெட்டி பெட்டியாக எழுதி ஒவ்வொன்றாக ஓட்டணும். ஃபைல் திறக்கவே மாட்டேன் என்றது. பெயரில் ஒரு ஸ்பேஸ் அதிகமாம். முக்கால் மணி நேரம் போச்சு.

ஃபைலில் வலது, இடது தலைப்புகள் இடம் மாறியிருந்தன. என் தப்பு, நான் போட்ட தலைப்பு. மாற்றிப் போட ஒரு பெட்டி எழுதினேன். வேலை செய்தது! அம்மாவுக்கு போன். "சரி, சாப்ட்டியா?"

லேப்டாப்பை அணைக்கவில்லை. மறுபடி திறக்க பயம்.

ஜூன் 12, வியாழன்

படத்துக்கு நிறம் மாற்றினேன். பார்த்தால், நானே டெஸ்ட் எடுத்த, வலது காது பிறவியிலேயே கேட்காத குட்டிப் பெண்ணுக்கு இடது கேட்கவில்லை என்கிறது. இன்னும் மூன்று பேருக்கு அதே கதை. தலைப்பைத்தான் சரி பண்ணிவிட்டேனே. அப்போ பேப்பரைப் பார்த்து எண்களை டைப் அடித்தவள்தான். ரிசப்ஷன் சாந்தி.

ஹாலிலேயே கத்தினேன். பேஷன்ட்கள் ஆறேழு பேர்.

"பேப்பர்ல இன்னா இருந்துச்சோ அதான் மேடம் அடிச்சேன். ரெண்டு தபா பாத்துக்கினுதான் அடிச்சது."

"அப்ப கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா?"

தலையைக் குனிந்துகொண்டாள். ஒன்பது வருஷமாக இங்கே இருக்கிறவள்.

ஜூன் 13, வெள்ளி

தலைவலி. சாந்தி பேசவில்லை. கைடுக்கு போன் செய்தேன். "எல்லாத்தையும் ரீஸ்டார்ட் பண்ணி, மேலேர்ந்து வரிசையா ஓட்டிப் பாரும்மா."

ஓட்டினேன். எல்லாம் சரி. குட்டிப் பெண்ணின் வலது காது, வலது பக்கத்தில்.

அப்புறம்தான் உறைத்தது. நேற்று நிறம் மாற்றும்போது அந்தத் தலைப்புப் பெட்டியையும் இன்னொரு தரம் ஓட்டியிருக்கிறேன். ஒரு தரம் மாற்றினால் சரியாகும். ரெண்டாம் தரம் மாற்றினால் பழையபடி தப்பு. திரையில் ஒரு எச்சரிக்கை கூட இல்லை. சனியன்.

சாந்தி கிளம்பிவிட்டாள். சிந்தாதிரிப்பேட்டை பஸ்.

ஜூன் 14, சனி

லேசான தூறல். படங்கள் அனுப்பியாச்சு. சாந்தியை என் ரூமுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, ஸாரி சொன்னேன். தப்பு என்னுது என்றேன்.

சாந்தி கதவைப் பார்த்தாள். "திட்றது ஹால்ல. ஸாரி மட்டும் கதவ சாத்திக்கினா மேடம்?"

முகம் எரிந்தது. ஹாலுக்குப் போனேன். எட்டு பேர். அன்றைக்கு இருந்தவர்கள் யாருமில்லை. இருந்தாலும் சொன்னேன், சத்தமாக: "சாந்தி சரியாத்தான் டைப் பண்ணாங்க. நான்தான் தப்பு பண்ணிட்டு அவங்கள திட்டிட்டேன்."

ஒரு பாட்டி, "என்னம்மா சொல்றே?" என்று காதருகே கை வைத்தாள்.

சாந்தி நிமிரவில்லை. "டோக்கன் நாலு, உள்ள போங்க."