நாலு கல்லுக்கு ஒரு புள்ளிக்கல்

வலியசாலை, திருவனந்தபுரம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சுஜாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், புனேயில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஓட்டல் வேலைக்கு இப்போது நான் பதித்த நடைபாதையில்தான் நடந்து போகிறாள், பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒதுங்கிச் சாக்கடையில் கால் வைக்கும் பாடு இல்லை.

போனில் சொல்ல வாய் வராததால் இதை எழுதுகிறேன். போன மாதம் கிள்ளிப்பாலம் நடைபாதையைப் படம் எடுத்து அனுப்பினேன் அல்லவா, கண் தெரியாதவர்களுக்காக நடுவில் மஞ்சள் கல் ஓடுமே, அதுதான். வரி போட்ட கல் என்றால் நடக்கலாம், புள்ளி போட்ட கல் என்றால் நிற்க வேண்டும், முன்னால் ரோடு, இரண்டையும் கலக்காதீர்கள் அப்பா என்று நீ உடனே கூப்பிட்டுச் சொன்னாய். நானோ குளியலறைக்கு டிசைன் போடுவதுபோல, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று வழி நெடுக நாலு வரிக்கல்லுக்கு ஒரு புள்ளிக்கல் வைத்திருந்தேன். முப்பது வருஷம் டைல்ஸ் பதித்தவனுக்கு நேற்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளை பாடம் எடுக்கிறதா என்று எனக்கு ரோசம், சரி சரி என்று போனை வைத்துவிட்டேன்.

அடுத்த வாரமே லாட்டரி விற்கும் செல்வமணி, அவருக்குக் கண் தெரியாது, கோலைத் தட்டிக்கொண்டு அந்த வழியே வந்தவர் முனையில் நிற்காமல் நேரே ரோட்டில் இறங்கிவிட்டார். ஆட்டோ ஒன்று அவர் கையை உரசிக்கொண்டு போனது, சீட்டெல்லாம் சிதறிவிட்டது. பக்கத்தில் வேலையாக இருந்த நான் ஓடிப்போய்த் தூக்கினேன். ஏன் நிற்கவில்லை என்று கேட்டதற்கு அவர், "புள்ளி கிட்டினா நிக்கணும்னு எனக்கு அறியாம், நல்லாத் தெரியும் அண்ணாச்சி. இங்க நாலு கல்லுக்கு ஒரு புள்ளி. நின்னு நின்னு மடுத்து, சலிச்சுப்போச்சு, இதும் அதுபோலன்னு இறங்கிட்டேன்" என்றார். பதித்தவன் நான்தான் என்று சொல்லாமல், குனிந்து சீட்டைப் பொறுக்கிக் கொடுத்தேன்.

சூப்பர்வைசர், வேலை முடிந்ததாக எழுதியாயிற்று, இனித் தொட வேண்டாம் என்றார். என் மகள் நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் படம் போடுகிற இஞ்சினியர், அவள் சொல்லியும் கேட்காத தப்பு என்னுடையது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன், பிறகு அவர் தடுக்கவில்லை. இரண்டு ஞாயிறு உட்கார்ந்து நடுவில் இருந்த புள்ளிக்கல்லை எல்லாம் பெயர்த்துவிட்டு, குடோனில் மிச்சமிருந்த வரிக்கல்லைப் பதித்தேன். அம்மா கலவை எடுத்துக் கொடுத்தாள், போகிற வருகிறவர்களிடமெல்லாம் உன் பெருமையை அளந்துகொண்டே.

இன்று காலை செல்வமணியைக் கூட்டி வந்து, முன்பு தப்பாகப் பதித்தவனும் நான்தான் என்று ஒப்புக்கொண்டு, நடந்து பார்க்கச் சொன்னேன். வழியில் எங்கும் அவர் தயங்கவில்லை, முனையில் புள்ளி காலில் பட்டதும் நின்றுவிட்டார், முன்னால் பஸ் ஒன்று போயிற்று. இத்தனை வருஷம் என் வேலையைக் கண்ணால் பார்த்துத்தான் நல்லாயிருக்கு என்றார்கள், காலால் பார்த்து ஒருவர் சரி என்றது இதுதான் முதல். யார் சொல்லிக் கொடுத்தார்கள் அண்ணாச்சி என்று கேட்டார். என் மகள் என்றேன்.

நீ நினைத்ததெல்லாம் கூடி வரட்டும், தீர்க்காயுசாக இரு. சைக்கிளில் ஆபீஸ் போகிறவள், பின்விளக்கு எரிகிறதா என்று தினமும் பார்த்துக்கொள், அப்பா சொன்னால் கேட்பதா என்று ரோசப்படாதே.

இப்படிக்கு,
இனி போனை வைக்காமல் கேட்கும் உன் அப்பா,
ஆறுமுகசாமி