வெளியே நிறுத்தியவள்

என் பிள்ளைக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும். வலது கைக்குக் கட்டுப் போட்டிருக்கிறது. படியில் விழுந்ததாக டாக்டரிடம் சொன்னேன். நீயும் அப்படியே நினைத்துக்கொள்.

மருத்துவம் படிக்க எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்று கேட்டிருந்தாய். ஆலோசனை கேட்க இரண்டு பல்கலைக்கழகங்களுக்குப் போனோம். முதல் இடத்தில் உன்னிடம் கேட்டதற்கெல்லாம் அப்பாவே பதில் சொன்னார். ஆலோசனை சொல்ல இருந்த ஆளும் அவரைப் பார்த்தே தலையாட்டினான். மற்ற இடத்தில் இருந்த பெண், "நீங்கள் வெளியே இருங்கள், மகளோடு தனியாகப் பேசவேண்டும்" என்று அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ரயிலில் நம் ஊர் ஹம்முக்குத் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும், "என்னை வெளியில விட்டிட்டு என்னடி கதைச்சனீ?" என்று சுத்தியலால் உன் அறைக்கதவைப் பிளந்தார். நான் குறுக்கே விழுந்தேன். நீ வெறுங்காலோடு பெரியம்மா வீட்டுக்கு ஓடினாய். நல்லது செய்தாய்.

நீ போன பிறகும் சுத்தியல் ஓயவில்லை.

அந்தப் பெண் இருக்கும் இடத்திலேயே சேர், பிள்ளை. அவரை வெளியே நிறுத்தலாம் என்று எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்று பூட்டை மாற்றினேன். நீ வந்தால் பூட்டைத் திறக்க, புதுத் திறப்பு ஒன்று இந்தக் கடித உறைக்குள் இருக்கிறது. அவர் வெளியே நின்று கதவை உதைக்கிறார். பொலிசைக் கூப்பிட்டுவிட்டேன். அவர்களிடம் படியில் விழுந்தேன் என்று சொல்லமாட்டேன்.

அம்மா