கடைசிப் பக்கத்துக் குடும்பங்கள்

மச்சான்,

எங்கள் ஊர்ச் சங்கத்தின் புதிய விபரப் புத்தகம் என் குசினி மேசையில் கிடக்கிறது. பெட்டியை உடைத்ததிலிருந்து அச்சு மை வாசனை வீடு முழுக்க நிற்கிறது. மனைவி முகம் சுளித்தபடி யன்னலைத் திறந்து விட்டிருக்கிறாள். அட்டையைப் புரட்டினால் சங்கத் தலைவரின் படம். கோட்டும் ரையுமாக, நாடியில் கை வைத்து, எங்கள் ஊரையே தான் பெற்று வளர்த்தவர் போல ஒரு பார்வை. போன புத்தகத்திலும் இதே படந்தான். ஆள் கிழண்டுவிட்டார், படம் கிழடாகவில்லை.

நீ இருந்திருந்தால் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திறந்திருப்பாய். நானும் அதைத்தான் திறந்தேன்.

எங்கள் ஊர்க்காரர் ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் எங்கெங்கே குடியிருக்கிறார்கள் என்று இடம் இடமாகப் பிரித்துப் புத்தகம் போடுவதென்று சங்கம் தீர்மானித்த நாள் நினைவிருக்கிறதா? கை உயர்த்த மண்டபம் நிறைய ஆள் இருந்தது. வீடு வீடாகப் போக நீயும் நானுந்தான். சனிக்கிழமைகளில் உன் பழைய காரை நீ ஓட்டுவாய். படிவக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நான். ஹீற்றர் வேலை செய்யாத கார். என் கால் விறைக்கும்போதெல்லாம் நீ ஒரு பழைய பாட்டை எடுத்துப் பிழையான இராகத்தில் பாடுவாய்.

பிறம்ரனில் எங்கள் ஊர் லொறிக்காரன் ஒருவனுடைய வீட்டுக் கதவைத் திறந்தது அவனுடைய பஞ்சாபி மனைவி. அவன் வேலைக்குப் போயிருந்தான். அவள் எங்கள் தமிழில், "இருங்கோ அண்ணை, சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றாள். என் முகத்தைப் பார்த்து நீ சிரித்தாய். ரெக்ஸ்டேலில் எங்கள் பெண்ணொருத்தி. புருஷன் கயானாக்காரன், அவனுடைய பூட்டன் கரும்பு வெட்டக் கப்பலேறியவன். மார்க்கம் நகரில் எங்கள் கணக்கு வாத்தியாரின் மகன். மனைவி சீனத்தி, பிள்ளைகள் இரண்டு பக்கத்துப் பாட்டன்மாரின் சாயலையும் குறைவில்லாமல் எடுத்திருந்தார்கள். மோர்னிங்சைட்டில் வேறெங்கே, உன் வீடுதான். உன் மனைவி பிலிப்பைன்ஸ்காரி. மாதா கோயிலில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பழகி, அதே கோயிலில் கலியாணம் கட்டினீர்கள். வேதம் ஒன்று என்பதால் ஊர் வாயை மூடும் என்று நம்பினாய். பாவம் நீ.

உன் வீட்டு நிலவறைச் சுவரில் பெரிய வரைபடம் ஒன்றை ஒட்டி, வீட்டுக்கு ஒன்றாகக் குண்டூசி குத்தினாய். எல்லாம் சிவப்புத் தலை. கலப்புக் குடும்பங்களுக்கு வேறு நிறம் குத்தினால் பார்க்கச் சுகம் என்றேன். "என்னட்டை ஒரு நிறந்தான் இருக்கு" என்றாய். மேசையில் நீலம், பச்சை, மஞ்சள் என்று மூன்று பெட்டி உடைக்காமல் இருந்ததை நான் கண்டேன்.

படிவங்களைக் கூட்டத்தில் வைத்தோம். தலைவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் பார்த்து, கலப்புக் குடும்பங்களின் படிவங்களை ஒரு பக்கம் ஒதுக்கினார். அன்று நீ வேலை முறை மாறிப் போயிருந்தாய். அவர் அதைக் கவனித்துத்தான் கதைத்தார். "உதுகளைப் பிறிம்பாக் கடைசிப் பக்கத்தில போடுங்கோ. ஏனையோர் எண்டு தலைப்புக் குடுங்கோ." குழுவிலிருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். தலையாட்ட அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

இதிலுள்ள வேடிக்கையைக் கேள். தலைவரின் மூத்த மகள் கட்டியிருப்பது ஒரு வெள்ளைக்காரனை. அந்தக் குடும்பம் புத்தகத்தின் மார்க்கம் பக்கத்தில், முழு விலாசத்தோடு, வரிசையில் முதலாவதாக நின்றது. எங்கள் பெரிய மனிதர்களின் அகராதியில் வெள்ளை கலந்தால் அது கலப்பில்லை, முன்னேற்றம். சீனம், பஞ்சாபி, பிலிப்பைன்ஸ் கலந்தால்தான் கலப்பு. நாட்டின் குடிசன மதிப்புப் படிவத்தில்கூட இனம் கேட்கிற இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டத்தில் புள்ளடி போடலாம். எங்கள் சங்கத்தின் நெஞ்சு அந்தக் கடதாசியை விட ஒடுக்கம்.

அந்தக் கடைசிப் பக்கத்தில் பெயர்கள் மாத்திரந்தான் இருந்தன. பிறம்ரன் இல்லை, ரெக்ஸ்டேல் இல்லை, மோர்னிங்சைட் இல்லை. யார் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்வதற்கென்றே போட்ட புத்தகத்தில், அந்தக் குடும்பங்கள் எங்கேயும் இருக்கவில்லை. அவற்றைத் தேடிக் குளிரில் அலைந்தவன் நீ.

புத்தகம் வந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்தாய். சப்பாத்தைக் கழற்றவில்லை. கடைசிப் பக்கத்தை விரித்து இதே மேசையில் வைத்தாய்.

"உதை ஆர் தட்டினது?"

தலைவர் சொன்னவர் என்றேன்.

"சொன்னது ஆர் எண்டு நான் கேக்கேல்லை. தட்டினது ஆர்?"

சங்கத்தில் தமிழ் தட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அது உனக்கும் தெரியும். நான் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வந்த சப்பாத்தோடேயே திரும்பிப் போய்விட்டாய். புத்தகத்தை எடுத்துப் போகவில்லை. அதற்குப் பிறகும் கோயிலில் கண்டால் சுகம் கேட்டாய், என் சத்திர சிகிச்சைக்குக் காரில் கூட்டிப் போனாய். சனிக்கிழமைகளில் மட்டும் ஒருநாளும் கூப்பிடவில்லை.

உன் செத்த வீட்டில் தலைவர் பேசினார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். நீ ஊருக்கு உழைத்த உத்தமன் என்று கைலேஞ்சியால் கண்ணை ஒற்றினார். உன் மனைவிக்கு முன்னால் நின்றுகொண்டு அவளுடைய பெயரைப் பிழையாகச் சொன்னார். உன் மகள் அமலா எழுந்து திருத்தினாள். தலைவர் அதைக் காதில் விழுத்தவில்லை.

இந்த வருடம் புதிய பதிப்புக்குக் கூட்டம். செத்தவர்களின் பெயரை வெட்டுவது வழக்கந்தானே. உன் பெயர் வந்தது. தலைவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ மேலே இருந்து காறித் துப்பு. "அவர் போயிட்டார். இனி அந்த வீட்டில எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லைத்தானே. வீட்டையே எடுத்து விடுங்கோ."

முப்பது வருடம் உனக்கு ஒடியல் கூழ் காய்ச்சித் தந்தவள் எங்கள் ஆள் இல்லையாம். பெரிய வெள்ளிக்கு யேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாமைத் தமிழில் படிக்கிற அமலா எங்கள் ஆள் இல்லையாம். நான் சரி என்று தலையாட்டினேன், இவ்வளவு காலம் ஆட்டிய அதே தலையைத்தான். வீட்டுக்கு வந்து கொம்பியூட்டரைத் திறந்தேன்.

உன் வீட்டை மோர்னிங்சைட்டில் வைத்தேன். குடும்பத் தலைவி என்று உன் மனைவியின் பெயரை, எழுத்துப் பிழையில்லாமல். லொறிக்காரன் வீட்டைப் பிறம்ரனுக்கும், கயானாக்காரன் வீட்டை ரெக்ஸ்டேலுக்கும், வாத்தியாரின் மகனை மார்க்கத்தில் தலைவரின் மகளுக்கு நேர் கீழேயும் கொண்டுபோனேன். கடைசிப் பக்கம் காலியானது. அழித்துவிட்டு அச்சுக்குக் கொடுத்தேன். கண்டுபிடித்துக் கூட்டத்தில் என்னைக் கிழிப்பார்கள் என்று பயந்துகொண்டுதான் இருந்தேன்.

ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, மச்சான். வெளியீட்டு விழாவில் எல்லாரும் தங்கள் படத்தைப் பார்த்தார்கள், தங்கள் பெயரைப் பார்த்தார்கள், மூடிவிட்டு ரோல்ஸ் தின்னப் போனார்கள். தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, எல்லா இடத்திலும் எங்கட சனம் கூடியிருக்கு என்று மார் தட்டினார். இந்த மனிதர்களுக்குப் பயந்தா நான் உன்னை இழந்தேன்? அதை நினைக்க அவர்கள் மேல் கோபங்கூட வரவில்லை. கோபப்படவும் ஒரு தகுதி வேண்டும்.

நேற்று அமலாவுக்கு ஒரு புத்தகம் கொண்டுபோனேன். உங்கள் வீட்டு நிலவறைச் சுவரில் உன் வரைபடம் அப்படியே இருக்கிறது. அவள் மோர்னிங்சைட் பக்கத்தைக் கண்டுபிடித்து, தாயின் பெயருக்குக் கீழே விரலை வைத்து, எழுத்தெழுத்தாக நிறுத்தி வாசித்தாள். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறதென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இதை ஆர் அங்கிள் டைப் பண்ணினது?"

அவள் கேட்டது இந்தப் புத்தகத்தை. நான் இரண்டுக்கும் சேர்த்துத்தான் பதில் சொன்னேன்.

"நான்தான் பிள்ளை. முந்தினதும் நான்தான்."

அவள் தேத்தண்ணி போட எழுந்து போனாள். நான் சுவரிலிருந்த சிவப்புக் குண்டூசிகளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அதே கேள்விக்கு அன்று உனக்கும் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.