எல்லாம் விரிஞ்சிருக்கு மச்சான்

மச்சான், கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவிவிட்டேன். வாடை போகவில்லை. நம் மீன்தொட்டியில் வளர்கிற தோல் பவளத்தை வெட்டினால் விரலில் ஏறுமே, அந்த வாடை. கருவாட்டு வாடையும் இல்லை, மருந்து வாடையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. இன்று காலை நானே பிளேடு எடுத்து இரண்டு துண்டு வெட்டினேன். ஒன்று ரப்பர் பேண்டிலிருந்து நழுவி, பம்பில் சிக்கிக் கிழிந்துபோனது. மற்றது கல்லில் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் இல்லாமல் வெட்டியது இதுதான் முதல் தடவை.

பதினான்கு வருடம் கத்தாரில் ஒரு பெரிய ஹோட்டலின் மீன்தொட்டிகளைப் பார்த்துக்கொண்டீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவு. மற்றபடி நம் குடும்பம் போனில்தான் நடந்தது. “எப்படி இருக்கே?” “நல்லா இருக்கேன். நீங்க?” “நல்லா இருக்கேன்.” நான் டைபாய்டில் கிடந்த மாதமும் அதே பதில்தான் சொன்னேன். உங்கள் கால் முதன்முதலாக வீங்கிய மாதமும் நீங்கள் அதையேதான் சொல்லியிருக்கிறீர்கள் என்று பிறகு தெரிந்தது.

கிட்னி கெட்டுப்போய்ப் பெரியபட்டினத்துக்குத் திரும்பினீர்கள். வந்த மூன்றாம் மாதமே கூடத்தில் நாலடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று வந்து இறங்கியது. எனக்கு எரிச்சலாக வந்தது.

“தெரு தாண்டுனா கடல் கெடக்கு. வீட்டுக்குள்ள எதுக்கு இன்னொரு கடல்?”

“அந்தக் கடல்ல ஒரு பவளத்தத் தொடக் கூடாது. தொட்டா கேஸு. இங்கன நான் வளக்குறத நானே வெட்டி, நாலு பேருக்குக் குடுப்பேன்.”

சென்னையில் தொட்டி வைத்திருந்த உங்கள் சிநேகிதர், தான் வளர்த்ததிலிருந்து ஒரு துண்டை வெட்டி, தண்ணீர்ப் பையில் கட்டி பஸ்ஸில் அனுப்பினார். காளான் குடை போல வளர்ந்தது அது. குடையின் மேலெல்லாம் நூல்நூலாக விரிந்து நீரோட்டத்தில் ஆடும். நீங்கள் அதை முதலில் வெட்டியபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உயிருள்ளதை வெட்டுகிறாரே என்று இருந்தது. துண்டைக் கல்லின் மேல் வைத்து, வலைத்துணி போட்டு, ரப்பர் பேண்டால் கட்டினீர்கள். இரண்டு வாரத்தில் கல்லைப் பிடித்துக்கொண்டது. தாய்ப் பவளத்தின் காயமும் ஆறியது. ஒரு வருடத்தில் ஒன்று பதினொன்றானது.

அப்புறம்தான் மூச்சு வாங்கி, அவசரமாக உங்களை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மகளுக்குப் பிளஸ் டூ பரீட்சை. நான் வீட்டில் இருக்க, உங்கள் தம்பி கூட வந்தார். காரில் ஏறும்போது என்னைப் பார்த்து, “தண்ணி கொறஞ்சா ஊத்து” என்று மட்டும் சொன்னீர்கள். என்ன தண்ணீர் என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கடலில் வாழ்கிற ஜீவனுக்குக் கடல் தண்ணீர்தானே என்று நினைத்தேன். தொட்டியில் மட்டம் இறங்க இறங்க, குடத்தில் கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். ஐந்து வாரம் அப்படியே ஊற்றினேன். மூன்றாவது வாரம் பவளங்கள் சுருங்கத் தொடங்கின. நான்காவது வாரம் ஒவ்வொன்றாக அழுகிக் கரைந்தன.

தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு வீடியோ காலில் வருவீர்கள். கேட்பது ஒரே கேள்வி. “எல்லாம் விரிஞ்சிருக்கா?”

“விரிஞ்சிருக்கு மச்சான்.”

“டாக்டர் என்ன சொல்றாரு?” என்று நான் கேட்பேன். “நல்ல முன்னேத்தம்ங்குறாரு” என்பீர்கள். ஆனால் டாக்டர் சொன்னது வேறு. அதை உங்கள் தம்பி எனக்குத் தனியாகச் சொல்லியிருந்தார். இருந்தும் நீங்கள் சொன்னதற்குத் தலையாட்டினேன்.

நீங்கள் வீட்டுக்கு வந்த அன்று நான் வாசலுக்கு வரவில்லை. அடுப்படியிலேயே நின்றேன். நீங்கள் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தீர்கள். அப்புறம் கூப்பிட்டீர்கள்.

“எந்தத் தண்ணி ஊத்துன?”

சொன்னேன். நீங்கள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. சிரித்தீர்கள். “ஆவியாப் போறது தண்ணி மட்டுந்தான். உப்பு தொட்டிக்குள்ளேயேதான் கெடக்கும். அதுக்கு மேல இன்னும் உப்புத் தண்ணி ஊத்துனா? நல்ல தண்ணியில்ல ஊத்தணும்! வாலிநோக்கத்துக்காரி நீ. தொட்டியவே உப்புப் பாத்தியா மாத்திப்புட்டியே!”

உப்பளத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாமல் போனதே என்று அழுதேன். “உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன் மச்சான்.”

“தெரியும். உன் முதுகுக்குப் பின்னாடி தொட்டி தெரிஞ்சுச்சு.”

“அப்புறம் ஏன் தினமும் கேட்டீங்க?”

“நீ விரிஞ்சிருக்குன்னு சொல்லும்போது உன் மொகம் தெளிவா இருக்கணும்னு பாடுபடுவியே, அதப் பாக்கத்தான்” என்றீர்கள். பிறகு, “எனக்கும் முன்னேத்தம் ஒண்ணும் இல்ல” என்றீர்கள்.

“எனக்கும் தெரியும்” என்றேன்.

நாலு நாளாகத் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் குறைத்தோம். பதினொன்றில் தாய்ப் பவளத்தின் ஓர் ஓரம் மட்டும் கெட்டியாக இருந்தது. பிளேடை எடுத்துத் துடைத்தீர்கள். என்னிடம் நீட்டினீர்கள்.

“என்னால ஏலாது மச்சான்.”

“என்னாலயும் ஏலல. அழுகினது போக, நல்ல சதையிலயும் கொஞ்சம் சேத்து வெட்டு. பயந்து ஓரத்துல வெட்டுனா அழுகல் திரும்பவும் ஏறும்.”

வெட்டினேன். பால்போல ஏதோ கசிந்தது. உள்ளங்கையில் அடங்குகிற துண்டு ஒன்று மிஞ்சியது.

அதற்குப் பிறகு நமக்கு நான்கு மாதம் கிடைத்தது. வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்கு ராமநாதபுரம் போகிற வழியெல்லாம் பேசினோம். பதினான்கு வருடமும் உங்கள் மேல் கோபமாகவே இருந்தேன் என்று சொன்னேன். சாக பயமாக இருக்கிறது என்று சொன்னீர்கள். அப்படியெல்லாம் பேசாதீங்க என்று நான் சொல்லவில்லை. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கும் பயமா இருக்கு” என்றேன். ஒருநாள் வண்டியில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டீர்கள். கல்யாணமான இத்தனை வருடத்தில் நாம் புருஷன் பெண்டாட்டியாக வாழ்ந்தது அந்த நான்கு மாதம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

நீங்கள் மௌத்தாகி, அடக்கம் முடிந்து ஒரு வருடம் கழிந்துவிட்டது. தொட்டியை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று உங்கள் தம்பி இரண்டு முறை சொல்லிவிட்டார். இருக்கட்டும் என்றேன். மிஞ்சிய அந்தத் துண்டு மறுபடியும் குடையாக வளர்ந்திருக்கிறது; இன்று நான் வெட்டியது அதிலிருந்துதான்.

மகள் இப்போது சென்னையில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். தினமும் போன் செய்வாள். “நல்லா இருக்கீங்களா உம்மா?” “நல்லா இருக்கேன். நீ?” “நல்லா இருக்கேன்.” இன்று மத்தியானமும் கூப்பிட்டாள். வாய் வரை வந்த பதிலை விழுங்கிவிட்டேன்.

“இல்லம்மா. இன்னைக்குக் காலையில இருந்து வாப்பா ஞாபகமாவே இருக்கு. சோறு எறங்கல.”

போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

“எனக்கும்தான் உம்மா. ராத்திரி தூக்கமே வர மாட்டேங்குது. சொன்னா நீங்க கவலப்படுவீங்கன்னு...” என்று அழத் தொடங்கினாள்.

அழட்டும் என்று விட்டேன். பிறகு இருவரும் உங்களைப் பற்றிப் பேசினோம். முக்கால் மணி நேரத்துக்கு மேல் பேசியிருப்போம். நம் வீட்டுப் போனில் அவ்வளவு நேரம் யாரும் பேசியதில்லை, மச்சான்.