மெஷினின் பின்பக்கம்

நவம்பர் 9, சனி

புகை. மெட்ரோ தூண்கூடத் தெரியவில்லை. மண்டலிக்கு, அதாவது எங்கள் ஹிந்து சங்கத்துக்கு, ஒரே நாளில் பதினொரு போன், எல்லாம் ஆக்ஸிஜன் மெஷின் கேட்டு. அறைக் காற்றை உறிஞ்சி ஆக்ஸிஜனைப் பிரித்துத் தருகிற மெஷின். கோவிட் சமயத்தில் தானமாக வந்தவை, மொத்தம் இருபத்து மூன்று. கரோல் பாக் கோயில் ஹாலில் வைத்துக்கொண்டு, சிலிண்டர் வாங்க வழியில்லாதவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறோம். ரிப்பேர் நான். பயோமெடிக்கல் படித்ததற்கு ஆபீஸைவிட இங்கேதான் உபயோகம்.

எரிச்சல் ஒன்றுதான். ஒவ்வொரு மெஷினிலும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓம் ஸ்டிக்கர். முன்னால் ஒட்டினால் மீட்டர் மறையும், பின்னால் ஒட்டுங்கள் என்று சொன்னதும் நான்தான். சங்கரநாராயணன் மாமா, செயலாளர், மினிஸ்ட்ரியில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ரிடையர் ஆனவர். "ஸ்வாமி பேர் இல்லாம எதுவும் வாசல் தாண்டப்படாதுடா கௌஷிக்" என்கிறார். வாதாட நேரமில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

செலின் அக்கா என்று ஒருவர் போன் பண்ணினார். நர்ஸ், தூத்துக்குடிப் பக்கம். அப்பா தானியேலுக்கு எழுபத்தொன்று, நுரையீரல் கெட்டுப்போய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "ஹிந்து சங்கம்னு போட்டிருக்கு. எங்களுக்குத் தருவீங்களா தம்பி?"

"நுரையீரல் இருக்கிற எல்லாருக்கும் தருவோம்" என்றேன். சிரித்தார்.

அப்போது நான் ஆபீஸ் வேலையாக ஓக்லாவில், முன்னால் ஒரு வெண்டிலேட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு. அங்கிருந்தே மாமாவுக்குப் போன்: அந்த வீட்டுக்கு ஓம் ஸ்டிக்கரோடு அனுப்பாதீர்கள். "பிச்சு எறியறது பாவம்டா." "அப்ப மறைச்சு அனுப்புங்கோ. ஏதாவது பண்ணுங்கோ மாமா, ஜல்தி." வைத்துவிட்டேன்.

சாயங்காலம் மெஷின் போய்ச் சேர்ந்தது. அக்கா வீடியோ காலில் ஓடவிட்டுக் காட்டினார். மீட்டருக்குள், காற்று வரும் வேகத்தைக் காட்டும் பந்து மூன்றில் நின்றது. போதும். 'நேரில் சோதித்தது' என்று பதிவேட்டில் என் பெயரைப் போட மாமாவிடம் சொன்னேன். நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற விதியை எழுதினதும் நான்தான். இருபத்து மூன்று வீட்டுக்கு ஒரு ஆள் எத்தனை தடவை ஓடுவது?

நவம்பர் 14, வியாழன்

காலை ஆறு மணிக்கு செலின் அக்கா. அப்பா விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்ஸிஜன் எண்பத்தைந்துதான் காட்டுகிறதாம், தொண்ணூறு வரவில்லையாம். விரல் சில்லென்று இருந்தால் அப்படித்தான், தேய்த்துவிட்டுப் பாருங்கள் என்றேன்.

"பதினாறு வருசமா நர்ஸு தம்பி நான். தேய்க்காமலா சொல்லுதேன்?"

"மெஷின் நான் செக் பண்ணது அக்கா. வெளியில புகையைப் பாருங்க, ஊருக்கே மூச்சு வாங்குது. அஞ்சுக்கு ஏத்துங்க."

ஏற்றினார். எண்பத்தேழு. பார்த்தீர்களா என்றேன்.

நவம்பர் 15, வெள்ளி

வெண்டிலேட்டர் சரியாகிவிட்டது. வேறு ஒன்றுமில்லை.

நவம்பர் 16, சனி

தானியேல் அங்கிள் காலையில் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், ஆட்டோவில்.

நவம்பர் 19, செவ்வாய்

மெஷினை எடுத்துவரப் போனேன். சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை. மெஷின் கட்டிலோரம் இருந்தது. தூக்குவதற்காகத் திருப்பினேன்.

பின்பக்கம் வெள்ளை சார்ட் பேப்பர். நாலு ஓரமும் அகல டேப். ஓம் மறைந்திருந்தது. அதற்குக் கீழே, காற்று உள்ளே போகிற ஜாலி வலையும் மறைந்திருந்தது. தாள் ஜாலியோடு ஒட்டிக்கொண்டு கட்டம் கட்டமாக அழுக்குப் பதிந்திருந்தது. மெஷின் நாலு நாள் தாளை இழுத்துப் பிடித்தே ஓடியிருக்கிறது.

பந்து நிற்கும். குழாயில் வருவது ஆக்ஸிஜனா வெறும் காற்றா என்று பந்துக்குத் தெரியாது. இந்தப் பழைய மாடலில் அதைக் காட்டும் விளக்கும் கிடையாது. எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

பின்னாலிருந்து அக்கா: "அதைப் பாத்து அப்பாவுக்கு ரொம்ப சந்தோசம் தம்பி. 'நம்மள மதிச்சு மூடி அனுப்பியிருக்காங்க பாரு'ன்னு வாரவங்ககிட்டல்லாம் சொல்லுவாரு. கிழிஞ்சிராம பாத்துக்கன்னு எங்கிட்டயும் சொன்னாரு."

காப்பி கொடுத்தார். முழுசாக் குடிச்சேன். எப்படிடா இறங்கிச்சு?

ஹாலுக்கு வந்து அளந்தேன். தாளோடு ஆக்ஸிஜன் ஐம்பத்தெட்டு சதவீதம். தாளைப் பிய்த்த பத்து நிமிஷத்தில் தொண்ணூற்று மூன்று. நம்பாமல் திரும்பத் தாளை ஒட்டி அளந்தேன். அதேதான்.

நவம்பர் 20, புதன்

மாமாவிடம் காட்டினேன். தாளைக் கையில் வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கோணலா இருந்தா அவா மனசு கஷ்டப்படுமேன்னு ஸ்கேல் வச்சு வெட்டினேன்டா."

தாளை மடித்துக்கொண்டே: "ஏற்கெனவே போன லங்ஸ். இதனாலதான்னு உன்னால சொல்ல முடியுமா?"

முடியாது.

"அப்ப எதுக்குச் சொல்லணும்? ஹிந்து சங்கத்து மெஷின், கிறிஸ்தவர் செத்தார்னு வாட்ஸப்ல ஓடும். நாளைக்கு வாங்கறவாளும் பயப்படுவா, கொடுக்கறவாளும் பயப்படுவா. மூச்சில்லாம கிடக்கறவாளை நினைச்சுக்கோ."

இதில் எது தப்பு? தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. 'நீதானே மறைக்கச் சொன்னே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவர் சொல்லவே இல்லை.

நவம்பர் 23, சனி

லீவு போட்டு மீதி எல்லா மெஷினையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். எல்லாம் சரி. சரியாக இருந்ததில் சந்தோஷம் வரவில்லை. மூன்று நாளில் முடிகிற வேலைதான் இது.

நவம்பர் 24, ஞாயிறு

செலின் அக்காவிடமிருந்து மண்டலிக்குக் கடிதம். ஆண்டுக் கூட்டத்தில் வாசிக்க வேண்டுமாம். எங்களை வேறாக நினைக்காதவர்கள் என்று எழுதியிருக்கிறார். அந்தத் தாளைப் பற்றியும் இருக்கிறது.

மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "இதை என்னால நாலு பேர் முன்னாடி படிக்க முடியாதுடா. போய்ச் சொல்லிடு."

டிசம்பர் 1, ஞாயிறு

சொன்னேன். தாள், ஜாலி, ஐம்பத்தெட்டு, மறைக்கச் சொன்னது நான், பார்க்காமல் பெயர் போட்டது நான். எல்லாம்.

அக்கா அழவில்லை. "அன்னைக்கு எண்பத்தஞ்சு காட்டுனப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருப்பேன். மெஷின் நல்லாருக்குன்னு நீ சொன்ன. எனக்குத் தெரிஞ்சும் உன் பேச்சைக் கேட்டேன்." அப்புறம், "போ தம்பி."

நின்றேன். திட்டுவார் என்று.

"போன்னு சொல்லுதேன்லா."

டிசம்பர் 8, ஞாயிறு

கமிட்டி கூடியது. விஷயத்தை எழுதிக் கொடுத்தேன். வக்கீல் ஒருவர் வந்திருந்தார். இனி மெஷின் கொடுப்பதில்லை, வெளியில் இருப்பதையும் திரும்பப் பெறுவது என்று தீர்மானம். மாமா மட்டும் கை தூக்கவில்லை. முடிந்ததும் ராஜினாமாவை நீட்டினார்.

என்னை வைத்தே ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினார்கள். கரோல் பாக்கில் ஒரு பாட்டியின் மகன் மெஷினைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, இரண்டு நாள்" என்று ஹிந்தியில் கெஞ்சினான். இரண்டு நாள் கொடுத்தேன். அப்புறம் வாங்கினேன்.

டிசம்பர் 27, வெள்ளி

வேலை, ரூம், வேலை.

ஜனவரி 5, ஞாயிறு

மத்தியானம் போன். செலின் அக்கா.

நலம் விசாரிக்கவில்லை. "எங்க வார்டுல ஒரு அம்மா. நாளைக்கு டிஸ்சார்ஜ். வீட்டுல ஆக்ஸிஜனுக்கு வழியில்ல. ஒரு மெஷின் குடு. முன்னாடி பின்னாடி நானே பாத்து வாங்கிக்கிடுதேன்."

"கொடுக்கிறதை நிறுத்திட்டாங்க அக்கா. எல்லாம் ஹாலில் பூட்டியிருக்கு."

"எத்தனை?"

"இருபத்து மூணும்."

"எல்லாம் ஓடுமா?"

"ஓடும்."

வார்டில் யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. அவர் வைக்கவில்லை.

"அப்போ அந்த அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்ல?"

இல்லையென்று சொல்லிவிடுங்கள் என்றேன்.